சுண்ணாம்புக் கோடு

ஏரிநாட்டின் தலைமை வைத்தியர் வழுதியாருக்கு அறுபது வயது. அவருடைய குரு தவமணி அம்மைக்கு நாற்பத்திரண்டு. அரண்மனையில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. வழுதியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாடி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர், நாட்டைத் தெரிந்த வைத்தியர் என் குரு ஒருவர்தான் என்பார்.

ஒரு தை மாதக் காலையில் அவர் பெரிய ஓலைக்கட்டு ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு குருவின் குடிலுக்கு வந்தார். வண்டிக்காரனும் அவருமாகச் சேர்ந்து அதை இறக்கி வைத்தார்கள்.

"என்ன இது?" என்று கேட்டார் குரு.

"பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைக் காய்ச்சல் மறுபடியும் வந்தால் நாடு என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார் அரசர். எழுதிவிட்டேன். நாளை சபையில் வாசிக்க வேண்டும்."

"நல்லது."

"இதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது, தாயே. போன முறை பிணங்களை எரிக்க விறகு கிடைக்கவில்லை. என் ஒரே மகனையும் அந்தக் காய்ச்சலுக்குத்தான் பறிகொடுத்தேன். பத்தொன்பது வயது."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஓலைக்கட்டின் கயிற்றை அவர் விரல்கள் விடவில்லை. குருதான் அவற்றை மெல்ல விடுவித்துக் கயிற்றை அவிழ்த்தார்.

உச்சிப்பொழுது வரை குரு வாசித்தார். ஏழு கோட்டைகளிலும் மருந்துக் கிடங்கு. சத்திரங்களில் நோயாளிகளுக்குக் கட்டில். ஊர் ஊராகச் சேதி சொல்ல முரசு. எந்தச் சாலையை எந்த நாளில் அடைப்பது என்பது வரை எழுதியிருந்தது. வழுதியார் எதிரே உட்கார்ந்து, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைப் போல் குருவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக நன்றாக இருக்கிறது" என்றார் குரு. "காய்ச்சல் முதலில் யாரிடம் வரும்?"

"வாத்து மேய்ப்பவர்களிடம். முதலில் வாத்து சாகும். அப்புறம் மேய்ப்பவர் இருமுவார். அந்த நிமிடமே நமக்குத் தெரிந்தால் ஒரு வயலோடு அடக்கிவிடலாம். சந்தைக்கு வந்துவிட்டால் ஏழு கிடங்கும் போதாது."

"நமக்கு யார் சொல்வார்கள்?"

"அவர்களேதான் சொல்ல வேண்டும். மறைத்தால் முப்பது கசையடி. இருபத்து மூன்றாம் ஓலையில் எழுதியிருக்கிறேன்."

குரு எழுந்தார்.

"அரண்மனைத் தலைப்பாகையைக் கழற்றி வையுங்கள். கொஞ்ச தூரம் போய் வரலாம்."

அறுவடை முடிந்த வயல் ஒன்றில் வாத்துக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. எங்கே அறுப்பு முடிகிறதோ அங்கே, சிந்திய நெல்லையும் நத்தையையும் தேடி வாத்துகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, வண்டிக்காரனை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருவரும் வரப்பில் நடந்தார்கள்.

ஓலைக் குடிசைகளின் முன்னால் காத்தாயி என்ற பெண் முட்டைகளை வைக்கோலில் பொதிந்து கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குருவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கூட வந்தவரைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

அவள் காலடியில் ஒரு வாத்து கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடியது. வழுதியார் குனிவதற்குள் அவள் ஒரு பஞ்சாரக் கூடையை எடுத்து அதன் மேல் கவிழ்த்துவிட்டாள்.

"அதற்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க. வெயிலு தாங்கல."

"தை மாசத்திலா?"

காத்தாயி ஒரு முட்டையை எடுத்தாள், அடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"காத்தாயி, உன் மாமனார் எப்படிப் போனார் என்று இவரிடம் சொல்" என்றார் குரு.

"இவரு யாருங்கம்மா?"

"கேட்க வந்தவர்."

அவள் முட்டைக் கூடையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பன்னெண்டு வருசத்துக்கு முந்தி எங்க வாத்துங்க இப்பிடித்தான் கழுத்தத் திருகிக்கிட்டு விழுந்துச்சுங்க. எங்க மாமனாரு நேர்மையான மனுசன். யாரும் சொல்லாமலே கோட்டைக்கு நடந்து போயி சேதி சொன்னாரு. மறுநாளு ஆளுங்க வந்தாங்க. வாத்தையெல்லாம் குழியில போட்டாங்க. எங்களச் சுத்திச் சுண்ணாம்பால ஒரு கோடு போட்டு, நாப்பது நாளு இத யாரும் தாண்டக் கூடாதுன்னு வேலோட நின்னுட்டாங்க."

"காய்ச்சல் பரவாமல் இருக்கத்தானே அம்மா அது?"

"சரிதாங்க. சோத்துக்கு என்ன வழின்னு காவக்காரரக் கேட்டோம். அது உத்தரவுல எழுதலைன்னாரு. பாவம், அவரு என்ன பண்ணுவாரு? இருந்த நெல்லு எட்டு நாளைக்கு வந்துச்சு. மாமனாரு தன் பங்கையும் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டாரு. கோட்டுக்குள்ள ஒருத்தருக்கும் காய்ச்சல் வரலீங்க. அவரு பசியாலதான் போனாரு."

அந்த உத்தரவு வழுதியார் எழுதியது. நான்கே வரி. அவசரமாக எழுதி முத்திரை வைத்தது.

"அப்புறம்?" என்றார் குரு.

"பக்கத்து வயக்காட்டுல இன்னொரு கூட்டம் இருந்துச்சு. அவங்க வாத்துக்கும் சீக்குத்தான். எங்க கதியப் பாத்தவங்க சொல்லுவாங்களா? விடியறதுக்குள்ள எல்லாத்தையும் தலைநகர்ச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி வித்துட்டாங்க. மாசி மாசச் சந்தை."

மாசிச் சந்தை முடிந்த எட்டாம் நாள் வழுதியாரின் மகன் இருமத் தொடங்கினான். பதினோராம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காற்றையும் கிரகத்தையும் விதியையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர், வயலின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். காத்தாயி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா, தாயே?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் அதையும் ஓர் ஓலையில் எழுதிச் சேர்த்துவிட்டு, இங்கே வராமலே இருந்திருப்பீர்கள்."

வழுதியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்தாயியைப் பார்த்தார்.

"அம்மா, அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் போடச் சொன்னவன் நான்தான்."

காத்தாயியின் கை முட்டைக் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டது. குடிசைகளிலிருந்து நாலைந்து பேர் வெளியே வந்து நின்றார்கள்.

"இப்பவும் போடுவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட அவர் மனம் தவித்தது. ஆனாலும் அவர் வைத்தியர்.

"போட்டுத்தான் ஆக வேண்டும் அம்மா. வாத்துகளையும் குழியில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இது சந்தைக்குப் போய்விடும். இந்த முறை கோட்டுக்கு உள்ளே நானும் இருப்பேன். நாற்பது நாளும்."

காத்தாயி குருவைப் பார்த்தாள். குரு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

காத்தாயி எழுந்தாள். கவிழ்த்திருந்த பஞ்சாரத்தைத் தூக்கினாள். பிறகு குடிசைக்குப் பின்னால் போய் இன்னும் இரண்டு பஞ்சாரங்களைத் தூக்கினாள்.

"ஒண்ணு இல்லீங்கய்யா, ஏழு. நேத்துலேர்ந்து. எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குக் காலையிலேர்ந்து இருமலு. ஏரிக்கரையில இறங்கியிருக்கிற கூட்டத்துலயும் நாலு வாத்து செத்துப்போச்சாம். அவங்களும் நாளைக்குச் சந்தைக்குத்தான் கெளம்புறாங்க."

ஏழு கோட்டைக் காவலர்களும் முப்பது கசையடிச் சட்டமும் சேர்ந்து கண்டுபிடித்திருக்க முடியாத சேதி. வழுதியார் அதை ஒருமுறை திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அப்புறம் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, காத்தாயியின் கணவன் படுத்திருந்த குடிசைக்குள் போய், நாடி பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

குரு சாலையைப் பார்த்து நின்றிருந்தார். இனி அவரும் கோட்டுக்கு வெளியே போக முடியாது. வண்டிக்காரன் தூரத்தில் காத்திருந்தான்.

"ஏரிக்கரைக்கு உடனே ஆள் போக வேண்டும்" என்றார் வழுதியார். "அரசருக்கு என்ன சொல்லி அனுப்பப் போகிறீர்கள்?"

"தலைமை வைத்தியர் கோட்டுக்கு உள்ளே இருக்கிறார் என்று வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்புகிறேன். இருட்டுவதற்குள் சோறு வந்துவிடும்."

வழுதியார் திரும்பிப் பார்த்தார். குடிசை வாசல்களில் நின்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏரிக்கரைக் கூட்டத்தைச் சுற்றியும் கோடு போடுவார்களே, தாயே. அங்கே நான் இல்லையே, சோறு எப்படி வரும்?"

"அதைத்தானே உங்களை எழுதச் சொன்னார் அரசர்?"