நலநிதியின் அரையாண்டுக் கணக்கு

முத்தங்கரைத் துறைமுகத்தை ஆண்ட திரைமாற மன்னருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று அவருடைய மீசை. இன்னொன்று அவர் தொடங்கிய நலநிதி. மீசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும், நலநிதிக்கு வருவோம்.

கப்பலோட்டிகளும் வணிகர்களும் மாதம் ஒரு பணம் நலநிதிக்குக் கட்டுவார்கள். அப்படிக் கட்டியவருக்கு முத்தங்கரை, ஈழம், கடாரம் என்று எந்த ஊரில் உடம்புக்கு வந்தாலும் மூன்று இடங்களிலும் இருந்த மன்னரின் வைத்தியசாலை எதிலும் கட்டில், கஞ்சி, மருந்து எல்லாம் இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொக்கிஷக் கணக்கர் ஆவுடைநாதர் அதன் வரவு செலவைச் சபையில் படிப்பார்.

சென்ற முறை அறுபதாயிரம் பணம் வரவு, நாற்பதாயிரம் செலவு, இருபதாயிரம் மிச்சம். மன்னருக்கு அப்போது வசந்த மண்டபம் கட்டும் ஆசை வந்திருந்தது.

"அடுத்த முறை மிச்சம் இரண்டு மடங்காக வேண்டும். ஆனால் யாரிடமும் ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது. முடியுமா?" என்றார்.

சபை விழித்தது. ஆவுடைநாதர் மட்டும் எழுந்தார். "முடியும் மகாராஜா. முடித்துக் காட்டினால் நலநிதியின் முழுப் பொறுப்பையும் எனக்கே தந்துவிட வேண்டும். இடையில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது."

யாரும் என்று சொன்னபோது அவர் கண் வெண்காடன் மேல் இருந்தது. வெண்காடன் அந்தச் சபையின் விகடர். மூக்கு கொஞ்சம் நீளம்தான்.

ஆறு மாதம் ஓடியது. கணக்குப் படிக்கும் நாள் காலையில் வெண்காடன் வைத்தியசாலைப் பக்கம் போனார். வாசலில் நாற்பது பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருபது கட்டில்களும் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

காதர் மரைக்கான் என்ற மாலுமி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வாசல் காவலனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் வருவதற்குப் பதினைந்து நாள் முன்னால் ஓலை எழுதிக் கொடுத்தீரா?" என்று கேட்டான் காவலன்.

"அது எனக்குச் சொல்லிவிட்டா வந்தது, ஐயா?"

"சரி, எங்கே பிடித்தது?"

"கடாரத்திலிருந்து வரும் வழியில்."

"கடாரத்துக் காய்ச்சலுக்குக் கடாரத்தில்தான் மருந்து. கணக்கர் உத்தரவு. அடுத்த ஆள்!"

வெண்காடனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். அன்று வரவில்லை. தம் மேல்துண்டை எடுத்து மரைக்கானுக்குப் போர்த்திவிட்டு நேரே உள்ளே போனார். வைத்தியர் அம்பலத்தார் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன வைத்தியரே, சும்மா இருக்கிறீர்?"

"உள்ளே ஒருவரையும் விடுவதில்லை. மருந்து அரைக்கும் என் கல்லைப் பாரும், சிலந்தி குடித்தனம் நடத்துகிறது. ஈழத்திலும் கடாரத்திலும் இதே கதிதானாம். கப்பலில் சேதி வந்தது."

வெண்காடன் குனிந்து பார்த்தார். குழிக்குள் வலை. வலைக்கு நடுவில் பெரிய சிலந்தி. "இந்தக் கல்லை ஒரு நாழிகை இரவல் தாரும்" என்று அதை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார். முதுகு விண்ணென்று வலித்தது.

சபையில் ஆவுடைநாதர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார். "வரவு அறுபதாயிரம். செலவு இருபதாயிரம். மிச்சம் நாற்பதாயிரம்! சொன்னபடி இரண்டு மடங்கு!"

மன்னரின் மீசை தானாக மேலே ஏறியது. "பலே! கொண்டுவாரும் நலநிதிப் பொறுப்புப் பட்டயத்தை" என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

மருந்துக் கல் தரையில் 'தொம்' என்று இறங்கியது. சபையே திரும்பிப் பார்த்தது.

"என்ன வெண்காடரே இது?"

"சாட்சி, மகாராஜா."

ஆவுடைநாதர் சீறினார். "ஓய்! சாட்சி எதற்கு? என் கணக்கில் ஒரு பிழை காட்டும் பார்க்கலாம்!"

"பிழையே இல்லை. அந்த இருபதாயிரம் எதற்குச் செலவானது என்று மட்டும் சொல்லுங்கள்."

"வாசல் காவலர் சம்பளம். மனுக்களை ஆராய்பவர் சம்பளம். ஓலை, எழுத்தாணி."

"மருந்துக்கு?"

கணக்கர் ஏட்டைப் புரட்டினார். முன்னும் புரட்டினார், பின்னும் புரட்டினார்.

மன்னர் இறங்கி வந்து கல்லுக்குள் எட்டிப் பார்த்தார். சிலந்தியும் அவரை எட்டிப் பார்த்தது. வாசலில் கண்டதையெல்லாம் வெண்காடன் ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க மன்னரின் மீசை இறங்கிக்கொண்டே வந்தது.

"மண்டபத்துக்கு ஆசைப்பட்டவன் நான்தான்" என்றார் மெதுவாக. மோதிரம் மறுபடி விரலுக்குப் போயிற்று. "மரைக்கானை இப்போதே கட்டிலில் படுக்க வையுங்கள். வாசலைத் திறந்துவிடுங்கள். ஈழத்துக்கும் கடாரத்துக்கும் அடுத்த கப்பலிலேயே ஓலை போகட்டும்."

பிறகு வெண்காடன் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நடந்திருக்கிறது. கணக்கில் பிழையில்லை என்கிறீரே?"

"இல்லைதான் மகாராஜா. தலைப்பில் மட்டும் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. 'அரையாண்டுக் கணக்கு' என்று எழுதியிருக்கிறார். நடுவில் ஓர் 'ஆ' போட்டால் சரியாகிவிடும்."

"போட்டால்?"

"அரையா ஆண்டுக் கணக்கு! ஆறு மாதமாக மருந்தே அரையாத ஆண்டு."

சபை குலுங்கியது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். சந்தடியில் பின்வாசலை நோக்கி நழுவிய ஆவுடைநாதரை அப்போதுதான் பார்த்தார்.

"எங்கே ஓடுகிறீர்? அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு நடையும். அடுத்த அரையாண்டு முழுவதும் நீர்தான் அரைக்க வேண்டும்!"