ராஜாவைக் கும்பிட்ட உழவுச் சால்கள்

முன்னொரு காலத்திலே மலையடி நாட்டை மகுடதீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அடிவாரத்தில் அரண்மனை. உப்பரிகையில் நின்றால் எதிரே மலைச் சரிவு முழுக்கக் கம்பங்காடு.

ஒருநாள் அங்கே ராஜாவின் பக்கத்தில் நின்றார் அம்பலவாணர். ராஜாவுக்குக் காக்காய் பிடிப்பதற்கென்றே பிறந்த மனுஷர். மந்திரி பதவி மேல் கண்.

"பிரபு, உழவுச் சால்கள் குறுக்கே ஓடித் தங்களுக்கு முதுகைக் காட்டுகின்றன. மேலிருந்து கீழே நேராக ஓடினால் அத்தனையும் தங்களை விழுந்து கும்பிடுமே!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே தண்டோரா போட்டாயிற்று. வரப்பை வெட்டு, மறைக்கிற மரத்தைச் சாய், உழவுச் சால்களை நேராக ஓட்டு!

பிறகென்ன? ஒவ்வொரு மழையும் மண்ணை வழித்துக்கொண்டு இறங்கியது. மிச்சத்தைக் கோடைக்காற்று புழுதியாக அள்ளிப் போனது. சில வருஷத்தில் சரிவில் கம்பு முளைக்கவில்லை. மலைச்சனம் சபையில் வந்து அழுதது.

"மண் போய்விட்டதாம்! மண்ணுக்குக் காலா முளைத்தது?" என்றார் அம்பலவாணர். "வரி ஏய்க்கிறார்கள் பிரபு. இடம் கொடுப்பவர் நம் மந்திரிதான்."

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "மந்திரியாரே, போன மண் எங்கே என்று நாளைக்குள் காட்டும். இல்லையென்றால் மலைச்சனம் மொத்தமும் நாட்டை விட்டுப் போகட்டும்!"

மறுநாள் மந்திரி நல்லதம்பியார் வெற்று உடம்போடு, ஒரு வாளிச் சேற்றோடு சபைக்கு வந்தார்.

"அம்பலவாணரே, மேல்துண்டை எடுத்துவிட்டுக் கொஞ்சம் குனியும்."

"எதற்காம்?"

"நீர் ஒரு மலை, நான் ஒரு மலை."

"மழை பெய்தால் மண் கரையத்தான் செய்யும். அது வருணன் வேலை. மனுஷன் என்ன செய்ய முடியும்?" என்று பேச்சை மாற்றினார் அம்பலவாணர்.

"அதையும்தான் பார்த்துவிடுவோமே!"

குனிந்து நின்ற இருவர் முதுகிலும் சேவகர்கள் சேற்றை அப்பினார்கள். அம்பலவாணர் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் நேர்க்கோடு இழுத்தார்கள். மந்திரி முதுகில் குறுக்குக்கோடு. ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அம்பலவாணரின் முதுகு பளிச்சென்று ஆனது, சேறெல்லாம் பட்டு வேட்டியில்! மந்திரி முதுகில் சேறு பெரும்பாலும் அப்படியே இருந்தது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "மழை ஒன்றுதான், கோடுதான் வேறு! சரி, மலைமண் எங்கே போயிற்று?"

"வாளியில் இருப்பது தங்கள் தாமரைக் குளத்துச் சேறு பிரபு. யானை முங்கிய குளத்தில் இன்று முழங்கால் அளவுதான் தண்ணீர்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நேராக உழச் சொன்னது யார், தான்தானே? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவசரமாக முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"வேண்டாம் பிரபு. இதை அன்றே சொன்னவன் மலை உழவன் சடையன். 'குறுக்கே உழுதால்தான் மண் நிற்கும் சாமி' என்று இதே சபையில் சொன்னான். தாங்கள் அவன் மாடுகளைப் பறிமுதல் செய்தீர்கள்."

சடையனின் முகத்தை நினைத்துப் பார்த்தார் ராஜா. ஞாபகத்துக்கே வரவில்லை. அதுதான் அவரை ரொம்பவும் கூசவைத்தது.

மலைச்சனம் எங்கும் போக வேண்டாம் என்று உத்தரவாயிற்று. குளத்துச் சேற்றை மலைக்குச் சுமக்கும் வேலை அம்பலவாணருக்கு. ராஜாவோ கொட்டிலிலிருந்து இரண்டு மாடுகளைத் தாமே பிடித்துக்கொண்டு மலையேறினார்.

மேலே சடையன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். நுகத்தில் அவன் பெண்டாட்டி குருவம்மாள். ராஜாவைக் கண்டதும் அவன் தடாலென்று மண்ணில் விழுந்தான்.

"சாமி, நேராத்தான் ஓட்டுறோம்! ஒரு சால்கூடக் கோணல, நீங்களே பாருங்க!"

'இனிமேல் குறுக்கே உழப்பா' என்று சொல்லத்தான் ராஜா வந்திருந்தார். மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டுப் போய், குருவம்மாளின் தோளிலிருந்த நுகத்தடியைத் தம் கையாலேயே இறக்கினார். அவள் முகத்தைப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.