ஆற்றுக்கு மேற்கே விற்கும் உரிமை

ஒரு காட்டில், அந்தக் காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓர் ஆறு ஓடியது. கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு மேற்குக் கரை வெளிநாடு மாதிரி. நடு ஆற்றில் ஆழமும் சுழலும் முதலையும் இருந்ததால், நீர்நாய், ஆமை மாதிரி தண்ணீரிலேயே வாழ்பவர்களைத் தவிர, இங்கிருந்து யாரும் அங்கே போனதில்லை, அங்கிருந்து யாரும் இங்கே வந்ததில்லை.

கிழக்குக் கரையில் ஓர் இலுப்பைத் தோப்பு. அதில் ஒரு தாய்க் கரடி தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. உதிர்ந்த இலுப்பைப் பூக்களைப் பொறுக்கி, வெயில் காயும் பாறையில் மொறுமொறுவென்று உலர்த்தி, பாறைக் குழியில் போட்டு உலக்கையால் இடித்து, தேன் விட்டு உருண்டை பிடிக்கும். முயல் கிழங்கைக் கொடுத்து உருண்டை வாங்கிப் போகும். குரங்கு பழத்தைக் கொடுத்து வாங்கிப் போகும். கரடிக்கும் குட்டிக்கும் அதுதான் பிழைப்பு.

நல்ல கரடிதான், குழந்தைகளே. கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. ஆனால் யாராவது நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், அதற்குக் கால் தரையில் நிற்காது.

ஒரு நாள் காலையில் ஆற்றிலிருந்து ஒரு நீர்நாய் ஏறி வந்தது. காரியம் இல்லாமல் அது யாரோடும் பேசாது.

"அக்கா, உங்கள் உருண்டை ஒன்றை மேற்குக் கரைக்கு எடுத்துப் போனேன். அங்கே முள்ளம்பன்றி அதைத் தின்றுவிட்டு அழுதேவிட்டது."

"அழுததா? ஏன் அப்பா?"

"இத்தனை காலம் இது தெரியாமலே வாழ்ந்துவிட்டோமே என்றுதான்."

கரடியின் முகம் மலர்ந்தது. "அப்புறம்? வேறு யார் என்ன சொன்னார்கள்?"

"எல்லோரும் உங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அங்கே ஒரு கடை போடுகிறேன், அக்கா. உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூவி விற்பேன். நீங்கள் உருண்டை பிடித்துக் கொடுங்கள், நான் நீந்திப் போய் விற்கிறேன். கிடைப்பதில் பாதி உங்களுக்கு. ஆனால் ஒன்று, மேற்கே விற்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். நான் கடையை வளர்த்த பிறகு நீங்கள் ஆமைக்கும் கொடுத்துவிட்டால் நான் பட்ட பாடெல்லாம் வீண்."

நியாயமான பேச்சுத்தான். கரடி ஒப்புக்கொண்டது.

அந்தக் காட்டில் எழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது. ஒப்பந்தம் செய்பவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, கரையில் இருப்பவர்கள் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். அப்படி ஆற்றில் நின்று சொன்ன சொல்லை யாராலும் திரும்பப் பெற முடியாது.

கரடியும் நீர்நாயும் ஆற்றில் இறங்கியபோது கரையில் பெரிய கூட்டம். கரடி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஆற்றுக்கு மேற்கே இலுப்பை உருண்டை விற்கும் உரிமை நீர்நாய்க்கு மட்டுமே!"

"ஆகா!" என்றது கூட்டம்.

அதோடு கரையேறியிருக்கலாம். கரடிக்கு அந்த ஆகா போதவில்லை. கையை உயரத் தூக்கியது.

"வேறு யாரும் அங்கே விற்கக் கூடாது! அது நானே ஆனாலும் சரி, விற்கக் கூடாது!"

"அடேயப்பா! என்ன பெருந்தன்மை!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கரடி பூரித்துப் போய்க் கரையேறியது.

அந்தக் கடைசி வார்த்தையைக் கொடுக்கச் சொல்லி யார் கேட்டார்கள், சொல்லுங்கள்? நீர்நாய்கூடக் கேட்கவில்லை. நாம் எங்கே மேற்குக்குப் போகப் போகிறோம் என்ற தைரியத்தில் கரடி சும்மா தூக்கிக் கொடுத்த வார்த்தை அது.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. நீர்நாய் சொன்னபடி பாதியைக் கொண்டு வந்து கொடுத்தது. அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையை அந்தக் காடு பார்த்ததே இல்லை. கரடி குட்டியை அணைத்துக்கொண்டு குகையை விட்டு நகராமல் கிடந்தது. மழை விட்ட காலையில் வெளியே எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள்.

ஆற்றைக் காணோம்!

நேற்றுவரை ஆறு ஓடிய இடத்தில் வெறும் மணலும் சேறும் கிடந்தன. வெள்ளம் மேலே வளைவில் கரையை உடைத்து வேறு வழி பிடித்துக்கொண்டு, தோப்புக்குக் கிழக்கே போய் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுகள் சில சமயம் இப்படித்தான் செய்யும். யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

மேற்குக் கரைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். முள்ளம்பன்றி முதல் ஆளாக மணலைக் கடந்து ஓடி வந்தது.

"நீங்கள்தானா அந்தக் கரடியம்மா! உங்களை நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை!"

கரடிக்கு ஒரே சந்தோஷம். பாறையில் உருண்டைகளைப் பரப்பி வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அங்கே மேற்கே, நீர்நாயின் கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை.

உச்சி வெயில் வேளையில் நீர்நாய் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாறைக்கு முன்னால் வந்து நின்றது.

"அக்கா, கடையை மூடுங்கள்."

"எந்தக் கடையை?"

"இதைத்தான்."

கரடி சிரித்துவிட்டது. "விளையாடாதே அப்பா. இது என் தோப்பு."

"தோப்பு உங்களுடையதுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆறு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்."

கரடி திரும்பிப் பார்த்தது. ஆறு கிழக்கே ஓடியது.

"இப்போது நீங்கள் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறீர்கள். மேற்கே விற்கும் உரிமை எனக்கு மட்டும்தான். அது நீங்களே ஆனாலும் சரி என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

கரடியின் கையிலிருந்து உலக்கை நழுவி விழுந்தது. வாங்கிய உருண்டையை வாயருகே கொண்டு போன முயல் அப்படியே நின்றது. சொந்த வீட்டு வாசலில், சொந்தக் கையால் பிடித்த உருண்டையை விற்கக் கூடாதாம்! கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

"நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை, அக்கா. நீங்கள் பாட்டுக்கு உருண்டை பிடியுங்கள். நான் இந்தப் பாறையிலேயே உட்கார்ந்து விற்கிறேன். பழைய மாதிரி பாதியெல்லாம் கட்டாது. பார்த்து ஏதாவது கொடுக்கிறேன்" என்றது நீர்நாய்.

வழக்கு யானையம்மாவிடம் போனது. யானையம்மாவுக்கு மறதி என்பதே கிடையாது. கேட்ட சொல்லைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும். புது ஆற்றங்கரையில் காடே திரண்டது.

"இது என்ன நியாயம்? ஆறு நகர்ந்ததற்குக் கரடியம்மா என்ன செய்வாள்?" என்று மான்கள் கத்தின.

"சொன்ன சொல் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லுங்கள்!" என்றது முள்ளம்பன்றி.

"செல்லாது! செல்லாது!" என்று எல்லோரும் கூச்சலிட்டார்கள்.

யானையம்மா தும்பிக்கையைத் தூக்கியதும் கூச்சல் அடங்கியது.

"நீர்நாயே, அது நானே ஆனாலும் சரி என்ற வார்த்தையை நீ கேட்டு வாங்கினாயா?"

"இல்லை அம்மா. சத்தியமாக நான் கேட்கவில்லை. அக்காவாகவே சொன்னார்."

"கரடி, நீ என்ன சொல்கிறாய்?"

கரடி தலையைக் குனிந்துகொண்டது. "நான்தான் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மா. ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது."

யானையம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "இந்த ஒரு தடவை மட்டும்..." என்று மெல்ல ஆரம்பித்தது.

அப்போது கூட்டத்தின் கடைசியில் யாரோ கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். புலி எழுந்து சோம்பல் முறித்தது.

"நல்ல தீர்ப்பு, யானையம்மா. சீக்கிரம் சொல்லுங்கள். நானும் ஆற்றில் நின்று ஒரு சொல் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?"

இருந்தது. எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கோடையில் காடெல்லாம் வறண்டு ஆறு ஒன்றிலேயே தண்ணீர் இருக்கும் காலத்தில், தண்ணீர் குடிக்க வருபவர் யாரையும் தொட மாட்டேன் என்று புலி ஆற்றில் நின்று சொல்லியிருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மான்கள் குட்டிகளோடு துறைக்கு வந்தன.

"நான் சொன்ன ஆறும் இப்போது அங்கே இல்லையே" என்றது புலி. "கரடியின் சொல் செல்லாது என்றால் என் சொல்லும் செல்லாது. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. கோடை வரட்டும்." மீசையை ஒரு முறை நக்கிக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டது.

செல்லாது செல்லாது என்று கத்திய வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன. தாய்மான் ஒன்று தன் குட்டியைக் காலுக்கு நடுவே இழுத்துக்கொண்டது. நீர்நாய்கூட இதை எதிர்பார்க்கவில்லை.

யானையம்மா கரடியைப் பார்த்தது. கரடி அந்த மான்குட்டியைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"வேண்டாம் அம்மா" என்றது கரடி. "என் சொல் செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லுங்கள். வாய்க்கொழுப்பு என்னுடையது. அதற்கு இந்தக் குட்டி ஏன் சாக வேண்டும்?"

"அப்படியானால் மேற்கே நீ இனி ஓர் உருண்டைகூட விற்க முடியாது."

"தெரியும்."

"நீர்நாய் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வேலை செய்வாயா?"

"என் வீட்டில் நானே கூலிக்காரியா?" என்றது கரடி. "இல்லை அம்மா. நான் கிழக்கே போகிறேன்."

கூட்டம் அதிர்ந்து போனது. முயல் விம்மி விம்மி அழுதது. நீர்நாய் பதறிக்கொண்டு ஓடி வந்தது.

"அக்கா, அக்கா! பாதி தருகிறேன்! முன்போலவே பாதி! நீங்கள் போய்விட்டால் நான் எதை விற்பேன்?"

"அது உன் உரிமை அப்பா. நான் தலையிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கரடி உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டது.

தீர்ப்புச் சொன்ன யானையம்மாவே ஆற்றங்கரையில் மண்டியிட்டது. கரடியும் குட்டியும் அதன் முதுகில் ஏறிக்கொண்டன. புது ஆறு சேறும் நுரையுமாக ஓடியது. அதைக் கடந்து கிழக்கே இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முள்ளும் கல்லும்தான். ஓர் இலுப்பை மரம்கூட இல்லை.

மேற்கே பாறையின் மேல் நீர்நாய் தனியாக உட்கார்ந்திருந்தது. மரத்திலிருந்து இறங்கி வந்த அணில் அதனிடம் கேட்டது.

"ஓர் உருண்டை கிடைக்குமா?"

நீர்நாய் வெறும் பாறையைக் கையால் தடவிக் காட்டியது.

கிழக்குக் கரையில் கரடிக்குட்டி திரும்பித் திரும்பித் தங்கள் தோப்பையே பார்த்துக்கொண்டு நடந்தது.

"அம்மா, நாம் எப்போது வீட்டுக்குப் போவோம்?"

கரடி நடையை நிறுத்தவில்லை. "ஆறு மறுபடியும் நகர்ந்தால் போகலாம், கண்ணே" என்றது.

நீதி: பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக, கேட்காத வாக்கைக் கொடுக்காதே, அது ஒரு நாள் உன்னையே உன் வீட்டிலிருந்து வெளியேற்றிவிடும்.