வெளுக்கப் போட்ட எருமை

அஞ்சலை என்ற எருமை வெள்ளையாக ஆசைப்பட்டாள். அவள் தோல் உரிந்தது. பெற்ற கன்றும் சாகக் கிடந்தது. நடந்தது இவ்வளவுதான்.

எப்படி நடந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

காட்டோரத்தில் ஒரு குட்டை. சித்திரை பிறந்தால் தண்ணீர் வற்றும், சேறு மிஞ்சும். எருமைகளுக்கு அது போதும். வெயில் ஏறுமுன் இறங்கிப் புரளும். இரண்டு விரல் கனத்துக்கு மேலெல்லாம் அப்பிக்கொண்டு கரையேறும். அந்தச் சேற்றைத் தாண்டி வெயில் உறைக்காது. ஈ கடிக்காது. உண்ணி மூச்சுமுட்டிச் சாகும். எருமைக்கு முடி குறைவு, வேர்வையும் குறைவு. சேறுதான் அதற்குச் சட்டை.

இதில் ஒருவனுக்கு மட்டும் நஷ்டம். அவன் உண்ணிக்கொக்கு. பெயர் வெள்ளைச்சாமி. எருமை முதுகில் நின்று ஈயும் உண்ணியும் பொறுக்கித் தின்பது அவன் பிழைப்பு. கோடை முழுக்க அவனுக்குப் பட்டினி. காய்ந்த சேற்றைக் கொத்தி அலகு வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் அஞ்சலையின் கொம்பில் வந்து உட்கார்ந்தான்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே. நீங்கதான் இளைச்சிட்டீங்க."

"என்னை விடு. உன்னைப் பாத்தாத்தான் மனசு ஆறல. மூக்கும் முழியுமா இருக்கே. நிறம்தான்..."

"நிறத்துக்கு என்ன அண்ணே?"

"கறுப்பா இருக்கியே தாயி!"

அஞ்சலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருஷமாக எருமையாக இருக்கிறாள். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"எதனால அண்ணே?"

"சேறுதான்! கறுப்புச் சேத்தை வருஷம் பூரா பூசினா பின்ன என்ன ஆகும்? என்னைப் பாரு. நான் சேத்துல புரள்றேனா?"

"இல்லையே! பால் மாதிரி இருக்கீங்க!"

"அதான் சொல்றேன்."

"இதுக்கு ஒரு வழி இல்லையா அண்ணே?"

"ஆத்தங்கரையில சேலை காயப்போடுறாங்க, பாத்திருக்கியா? புதுச் சேலை பத்து நாள் வெயில்ல கிடந்தா என்ன ஆகுது?"

"சாயம் போயிடுது!"

"உனக்கும் போகும். ஓடையில தேய்ச்சுக் குளி. பாறை மேல படு. மத்தியானம் முழுக்கப் புரண்டு புரண்டு காயி. மிச்சத்தை வெயில் பாத்துக்கும்."

எருமையும் சேலையும் ஒன்றா என்று கேட்டிருக்க வேண்டும். அஞ்சலை கேட்கவில்லை. மூக்கும் முழியுமாக இருப்பவர்களுக்கு யோசிக்க ஏது நேரம்!

மறுநாள் காலையிலேயே ஓடைக்குப் போனாள். மணலில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். குட்டைக்கு மேலே இருந்த பாறையில் வந்து ஏறிப் படுத்தாள். பக்கத்தில் மொச்சையையும் படுக்கப் போட்டாள். மொச்சை அவள் கன்று. பிறந்து ஒரு மாதம்.

கூட மேயும் பேச்சி என்ற எருமை குட்டையிலிருந்து கத்தினாள்.

"ஏண்டி, கத்திரி வெயில்டி! பச்சைப் பிள்ளைய ஏண்டி வறுக்கிறே?"

"சின்ன வயசுல ஆரம்பிச்சாத்தான் சீக்கிரம் வெளுப்பான்! உனக்குப் பொறாமை!"

"ஆமாமா. நாளைக்கு நீ கொக்கா மாறிப் பறந்து போயிடுவே, நான் இங்கே உக்காந்து அழணும்!"

பேச்சி தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு சேற்றில் அமிழ்ந்துவிட்டாள். புத்திசாலி.

முதல் நாள் முதுகு காந்தியது. "வேலை செய்யுது!" என்றான் வெள்ளைச்சாமி.

மூன்றாம் நாள் தோல் வெடித்தது. "கறுப்பு விரியுது!" என்றான்.

ஐந்தாம் நாள் முதுகுத் தோல் பட்டை பட்டையாக உரிந்தது. அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அஞ்சலைக்கு வலியில் உயிர் போனது. சந்தோஷமும் தாங்கவில்லை.

"அண்ணே, வருதா?"

"வருது தங்கச்சி, வருது! இன்னும் நாலே நாள்!"

புண்ணுக்கு ஈ வந்தது. அடிவயிற்றில் உண்ணி ஏறியது. வெள்ளைச்சாமி தின்றான், தின்றான், பறக்க முடியாத அளவுக்குத் தின்றான். போதாததற்குப் பக்கத்து ஏரியிலிருந்து ஆறு சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தான்.

"இவங்கல்லாம் யாரு அண்ணே?"

"உன் அழகைப் பாக்க வந்திருக்காங்க."

அழகைப் பார்க்க வந்தவர்கள் அலகைத் திறந்துகொண்டே வந்தார்கள். அஞ்சலை அதையும் கவனிக்கவில்லை. கூச்சப்பட்டுக் காதை ஆட்டினாள்.

ஆறாம் நாள் மொச்சை எழுந்திருக்கவில்லை. காது ஓரமெல்லாம் கொப்புளம். நாக்கு வெளியே தொங்கியது. மடியைக் கொண்டுபோய் வாயில் வைத்தாள். குடிக்கவில்லை.

"அண்ணே! பிள்ளை பால் குடிக்கலையே!"

"வெளுக்கிறப்ப அப்படித்தான் தாயி. பசி தெரியாது."

"உடம்பு நெருப்பாச் சுடுதே!"

"உள்ளே இருக்கிற கறுப்பு வெந்து வெளியே வருது. நகராதே. நகர்ந்தா திட்டுத் திட்டா வெளுக்கும்!"

அவளும் நகரவில்லை. அழுதுகொண்டே வெயிலில் நின்றாள். இப்படியும் ஒரு தாய்.

அந்த வழியாக ஒரு காட்டுப்பன்றி வந்தாள். பெயர் மருக்கொழுந்து. வைத்தவருக்கு மூக்கில் ஏதோ கோளாறு. காதிலிருந்து குளம்புவரை சேறு வழிந்தது. நின்று கன்றைப் பார்த்தாள்.

"இது செத்துக்கிட்டிருக்கு," என்றாள்.

"வாயைக் கழுவு! வெளுத்துக்கிட்டிருக்கு!" என்று சீறினாள் அஞ்சலை. "சேத்துல கிடக்கிற உனக்கு அழகைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. செத்தா நாறும். பக்கத்துல குடியிருக்கிறது நான்."

பன்றி கிட்டே வந்தாள். மூக்கைக் கன்றின் வயிற்றுக்கடியில் கொடுத்தாள். ஒரே நெம்பு. மொச்சை பாறைச் சரிவில் உருண்டு, தொப்பென்று குட்டைக்குள் விழுந்தான்.

"அடிப்பாவி! ஆறு நாள் பட்ட பாடு போச்சே!"

அஞ்சலை கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்தாள். பன்றியின் தொடையில் கொம்பு கீறியது. ரத்தம் வந்தது. பன்றி குட்டைக்குள் குதித்தாள். அஞ்சலையும் விடாமல் குதித்தாள்.

குதித்தவள் கழுத்துவரை புதைந்தாள்.

சேறு குளிர்ச்சியாக இருந்தது. வெடித்த முதுகில் ஏறியது. உரிந்த விலாவில் பரவியது. குத்த வந்தவள் குத்த மறந்தாள். ஆறு நாளாகக் கடித்திருந்த பல்லைத் தளர்த்தி, "ம்ம்மா..." என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

பக்கத்தில் மொச்சை காதை அசைத்தான்.

கரையில் வெள்ளைச்சாமி இறக்கையை அடித்துக்கொண்டு கத்தினான். "தங்கச்சி! வெளியே வா! எல்லாம் வீணாப் போகுது! கறுத்துடுவே!"

அஞ்சலை அவனைப் பார்த்தாள். உருண்டையான அவன் வயிற்றைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஆறு வயிற்றையும் பார்த்தாள். ஒருவழியாக விளங்கியது.

"நான் எருமை அண்ணே," என்றாள். "கறுத்துட்டுப் போறேன்."

"அதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா?" என்றாள் பேச்சி.

பொழுது சாய்வதற்குள் மொச்சை தள்ளாடி எழுந்து மடியை முட்டினான். முட்டிய முட்டில் அஞ்சலைக்குக் கண்ணீர் வந்தது. இரண்டு நாளில் சேறு காய்ந்து இறுகியது. உண்ணிகள் செத்தன. சொந்தக்காரக் கொக்குகள் சொல்லாமல் கிளம்பின. வெள்ளைச்சாமி ஒரு வாரம் கொம்பிலேயே உட்கார்ந்து பார்த்தான், "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டும் பார்த்தான். பிறகு அவனும் போய்விட்டான்.

பன்றியிடம் மன்னிப்புக் கேட்க அஞ்சலைக்கு நாலு நாள் ஆனது. "சரி சரி, தள்ளு, நான் படுக்கிற இடம் அது" என்று பதில் வந்தது.

சுடுகிற வெயிலில் தோலை மூடிக்கொள், நிறத்தைப் பற்றி எவன் வந்து பேசினாலும் உன் தோல் உரிந்தால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் பார்: எருமைக்கு இது உறைக்க ஒரு கன்று சாகப் பார்த்தது, அதைக் காப்பாற்றித் தொடையில் கீறல் வாங்கிக்கொண்டவள் மருக்கொழுந்து என்ற பன்றி.