கிடையில் முளைத்த வன்னி

வானம் பார்த்த செம்மண் நாட்டில் திருவெள்ளிடை என்றொரு பதி. அங்கே எழுந்தருளிய வன்னிநாதருக்கு ஆட்பட்டவர் சேவுகக் கோனார். ஆடு மேய்ப்பது அவர் தொழில், கைகால் விரல்களுக்கு மேல் எண்ண அறியார். மாலைதோறும் ஆடுகள் கிடைக்குள் நுழையும்போது, ஒன்றுக்கு ஓரெழுத்தாக ‘ந, ம, சி, வா, ய’ என்று முதுகைத் தொட்டுத் தொட்டு விடுவார். இருபது முறை ஐந்தெழுத்து நிறைந்தால் மந்தை முழுமையாய் வந்ததென்று அறிவார். கணக்கும் அதுவே, வழிபாடும் அதுவே.

காலையில் மேய்ச்சலுக்குச் செல்லுமுன், மதிற்புறத்தே நின்ற தலமரமாகிய வன்னியை வலம்வந்து மண்ணில் விழுந்து வணங்குவார். அவர் எழுவதற்குள், உதிர்ந்து கிடக்கும் காய்களை ஆடுகள் தின்று தீர்த்திருக்கும். “அப்பன் வீட்டுச் சோறு, தின்னுட்டு வாங்க” என்று சிரிப்பார்.

ஆனி மாதத்தில் ஒருநாள், கோயிலை நிர்வகித்த மணியம் வைரவநாதர் அதைக் கண்டுவிட்டார்.

“என்னய்யா கோனாரே, சாமி மரத்துக் காய் உம்ம ஆட்டுக்குத் தீனியா?”

“கீழ விழுந்ததத்தான் ஐயா தின்னுச்சுக.”

“விழுந்தாலும் அது சிவன் சொத்து. இப்பவே ஆத்துக்கு அக்கரைக்குப் போயிரும். இனி ஊர் எல்லையில உம்ம காலும் படக்கூடாது, உம்ம ஆட்டுக் காலும் படக்கூடாது.”

தின்ற காய் செரிக்குமுன்பே ஆடுகள் ஆற்றைக் கடந்தன. கள்ளியன்றி வேறொன்றும் விளையாத மேட்டில் கிடை போட்ட கோனார், தொலைவில் தெரிந்த கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினார். மரத்தை வலம்வர இயலாமையொன்றே அவருக்குத் துயரமாயிற்று.

அவ்வாண்டு ஐப்பசியில் அடித்த புயலில் தலமரம் வேரோடு சாய்ந்தது. வன்னித் தழையை இறைவன் முடியில் சாத்திய பின்னரே பங்குனிக் கொடியேற்றுவது அக்கோயில் மரபு. அந்நாட்டில் வேறு வன்னி இல்லை. மணியம் விதைகளைப் பொறுக்கி, சந்தனம் குழைத்த மண்ணிலிட்டுப் பன்னீரும் பாலும் வார்த்தார். அவை சரளைக் கற்களைப்போல அசையாது கிடந்தன. பங்குனி வந்தது, கொடி ஏறவில்லை.

அதே புயல்மழையில், அக்கரை மேட்டின் பழைய புழுக்கைக் குவியல்களைப் பிளந்துகொண்டு சிறுசிறு தளிர்கள் எழுந்தன. கோனார் குனிந்து பார்த்தார். அறிந்த இலை! “அப்பனே, நான் வரமுடியலைன்னு நீயே வந்துட்டியா?” என்று கண்ணீர் பெருக நின்றவர், அன்றே முள் வெட்டிவந்து வேலி கட்டினார்.

மறுகோடையில் நாடே வறண்டது. மேட்டில் கள்ளியன்றிப் பச்சை என்றிருந்தவை அக்கன்றுகளே. ஆடுகள் ஒவ்வொன்றாய் மடிந்தன. அவர் மனைவி மீனாள் மனம் பொறுக்காமல் கேட்டார்.

“ஏங்க, கண்ணு முன்னால தழை நிக்குது, ஆடு எலும்பாப் போகுது. வேலியத் தொறந்து விடுங்க.”

“அது சாமிக்கு வச்ச தழை, புள்ள.”

“சாமிதான் நம்மளத் தொரத்திட்டாரே!”

“தொரத்துனது மணியம். சாமி இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

மீனாள் குடத்தை எடுத்துக்கொண்டு, கன்றுகளுக்கு ஊற்ற ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டச் சென்றார். இருபது முறை ஒலித்த ஐந்தெழுத்து அக்கோடை முடிவில் நான்கு முறையில் முடிந்தது. ஆயினும் சொல்லிய குரல் தளரவில்லை.

அடுத்த பங்குனியில், தழைக்கட்டைத் தலையில் தாங்கி, தடையை மீறிக் கோயில் வாயிலில் வந்து நின்றார் கோனார்.

“சாமிக்கே தழை கொண்டாந்துட்டாரு! அப்படியே சாமியையும் மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போவாரு!” என்று கூட்டம் சிரித்தது.

“இது எங்க முளைச்சது?” என்றார் மணியம்.

பொய் சொல்லியிருக்கலாம். கோனாருக்கு அது வராது. “கிடையில ஐயா. அன்னைக்குத் தின்ன காயி, புழுக்கையோட விழுந்து முளைச்சிருக்கு.”

“புழுக்கையில முளைச்சத எம்பெருமான் முடியில ஏத்தவா?” மணியத்தின் கைத்தடி தழைக்கட்டைத் தட்டிவிட்டது.

சிதறிய தழைகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வாயிற்படியில் வைத்த கோனார், “அப்பனே, வீச்சம் அடிக்கிறது நான்தான். தழை உன்னோடது” என்று நிலத்தில் வீழ்ந்தார்.

உச்சிக்காலப் பூசைக்குத் திருக்கதவம் திறந்தது. படியில் வைத்த தழை அங்கில்லை. வன்னிநாதர் திருமுடியில் பசுமை குலையாமல் விளங்கியது. யாவரும் கேட்க ஒரு குரல் எழுந்தது: “நம் மரத்தைக் காக்க, யாமே அவ்வாடுகளின் பசியாய் வந்தோம். பாலுக்கும் பன்னீருக்கும் நெகிழாத வித்தின் வன்தோலை நெகிழ்த்தியது அவற்றின் வயிறு. தளிரைக் காத்தது நம் சேவுகன் நெஞ்சு. அவன் கையால் கொடி ஏறுக!”

மணியம் ஓடிவந்து காலில் விழுந்தார். “கோனாரே, தப்புப் பண்ணிட்டேன்!”

“எந்திரிங்க ஐயா. நீங்க தொரத்தாட்டி அந்த விதை ஆத்தத் தாண்டியிருக்குமா?”

முரசு அதிர, சங்கம் முழங்க, ஆடு தொட்ட கையால் கொடி வானேறியது. ஊர் முழுதும் அவரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தது. அவர் வேலியைத் திறந்து, கன்றுக்கு ஓரெழுத்தாகத் தொட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். இருபதாம் முறை ‘ய’ என்று கடைசிக் கன்றைத் தொட்டபோது எண்ணிக்கை நிறைந்தது. மந்தை முழுமையாய் வந்து சேர்ந்திருந்தது.

வித்தினுள் காட்டை ஒளித்தவன் அருளை ஆட்டுக் கிடையிலே கண்டெடுத்த சேவுகக் கோனார் திருவடி நம் தலைமேலது.