பனிமேட்டுக் கறுப்புக் கொடி

"இங்கே உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் எங்கள் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். யார் என்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்லி மானத்தை வாங்க வேண்டாம் என்று பார்க்கிறேன்."

தென்துருவக் கடற்கரையில், பென்குயின் கூடுகளுக்கு நடுவே நின்று இப்படிக் கத்தியது செம்பட்டை. அது பனிவண்டி இழுக்கிற நாய்.

கோடைக்காலம். அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. வானமும் தரையும் ஒரே பால் நிறம். தூரத்துப் பனிப்பாறைகள் தூக்கத்தில் நடப்பவை போல மெல்ல மிதந்து போயின.

"என்ன கொடி?" என்று கேட்டது ஒரு தடித்த பென்குயின். கேட்டுவிட்டுத் தன் கூட்டின்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தது.

"கறுப்புக் கொடி. துருவத்தைப் பார்க்க ஐந்து மனிதர்களும் ஒன்பது நாய்களும் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பும்போது தின்ன, நாங்கள் முன்பே வழியில் சாப்பாட்டைப் புதைத்து மேலே கொடி நட்டுவிட்டுக் கரைக்கு வந்தோம். இப்போது கொடியும் இல்லை, இடமும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை."

"கொடி நட்டவனுக்குத்தானே நிலம்? கப்பலை விட்டு இறங்கினதும் மனிதர்கள் அப்படித்தான் நட்டு, இது எங்களுடையது என்றார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?"

"கேட்கவில்லை. அது தப்புதான். ஆனால் அந்தக் கொடி பெருமைக்கு. இது பசிக்கு."

தடித்த பென்குயின் யோசித்தது. அந்தக் கரையில் கல்தான் சொத்து. கல்லை அடுக்கித்தான் பென்குயின்கள் கூடு கட்டும்.

"ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். எடுத்தவன் பத்துக் கல் தந்தால் விட்டுவிடுவாயா?"

"கல்லைத் தின்ன முடியுமா?"

"இருபது. எல்லாம் வழவழப்பான கல்."

"இருநூறு வைத்தாலும் படியாது. சாப்பாடு கிடைக்காவிட்டால் மனிதர்கள் முதலில் இளைத்த நாயைத்தான் அடித்துத் தின்பார்கள். அந்த வண்டியில் இளைத்தவன் சுழியன். என் தம்பி."

செம்பட்டை வெண்மைக்குள் பார்த்தது. தூரத்தில் ஒரு புள்ளி வருவது போல இருந்தது. கண்ணை மூடித் திறந்தால் புள்ளி இல்லை.

பக்கத்துக் கூட்டுப் பென்குயின் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அண்ணே, உங்கள் வயிற்றுக்கு அடியில் கறுப்பாக ஏதோ ஆடுகிறதே."

தடித்த பென்குயின் தலை குனிந்தது. "இந்தக் கரைக்கே ராஜாவாகிவிட்டதாகக் கனவு கண்டேன். இந்தா, எடுத்துக்கொண்டு போ."

"துணி எனக்கு எதற்கு? அது நின்ற இடம் உனக்கு மட்டும்தான் தெரியும். முட்டையை உன் மனைவி பார்த்துக்கொள்ளட்டும். எழுந்திரு. முன்னால் நட!"

அடுத்தவன் உயிரோடு திரும்புவதற்காக வைத்த அடையாளத்தைத் தன் பெருமைக்காகப் பிடுங்கினவன் யாராக இருந்தாலும், பேரம் பேசாமல் தானே எழுந்து போய், அது இருந்த இடத்திலேயே திரும்ப நட்டுவிட்டு வர வேண்டும்.