ஸ்லோவில் நிற்காத வண்டி

தொட்டிலை ஆட்டும்வரை பேசாமல் கிடந்துவிட்டு, ஆட்டுவதை நிறுத்தினதும் வீல் என்று கத்துகிற பிள்ளையை நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆட்டிக்கொண்டே இருப்பீர்களா, தூக்கி வைத்து எங்கே எறும்பு கடித்திருக்கிறது என்று பார்ப்பீர்களா?

செங்கோட்டுவேல் ஆட்டிக்கொண்டே இருக்கிற ரகம்.

அவன் ஆட்டியது ஒரு காரை. ரெண்டு கதவு, ரெண்டு கார்புரேட்டர் வைத்த பழைய ரேஸ் கார். ஓடும்போது புலி. சிக்னலில் நின்றாலோ குளிர்காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி உதறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்லோவில் விட்டால் ரெண்டு விக்கல் விக்கிவிட்டு அணைந்துபோகும்.

வெள்ளிக்கிழமை காலையில் அதைத் தெய்வானையின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான்.

தெய்வானை சூலூர்ப் பக்கம் கார்புரேட்டர் பார்க்கிறவள். ரேஸ் ஓட்டுகிற கூட்டம் பூராவும் அவளிடம்தான் வரும். செங்கோட்டுவேல் அவளைவிட மூத்தவன். ஆனாலும் சில வருஷமாக அவளிடம்தான் தொழில் படிக்கிறான். தலை நரைத்த சிஷ்யன் என்று ஷெட்டில் எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள்.

"ஏனுங்ணா, ஓட்டிட்டு வந்தீங்களா, உழுதுட்டு வந்தீங்களா?" என்றாள் தெய்வானை.

அவன் சிரிக்கவில்லை.

"ஸ்லோல நிக்க மாட்டேங்குதுங்க அம்மணி. பிளக் மாத்திட்டேன். ஜெட்டு கழுவிட்டேன். டைமிங் வெச்சுப் பாத்துட்டேன். என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குது."

"ரேஸ் வண்டி எதுக்கு நிக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை சுகந்தி வீட்டு வாசல்ல நிக்கணுமுங்க."

சுகந்தி அவன் பெண்டாட்டி. மகள் நேத்ராவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை வெளியே கூட்டிப்போகலாம் என்று கோர்ட்டில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். வாரத்தில் அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

"போன மாசம் பூரா பாப்பா வண்டியில ஏறவே இல்லீங்க. நான் போய் நின்னா ஆளையே காணோம். இந்த வாரமும் ஏறலைன்னா, பொண்ணுக்கே இஷ்டமில்லைன்னு கோர்ட்ல சொல்லிருவேங்கறா சுகந்தி. அப்புறம் ஞாயித்துக்கிழமையும் போச்சு."

"பாப்பா எதுக்கு ஏற மாட்டேங்குது?"

"இந்தச் சத்தத்துக்குத்தான். வேற என்ன இருக்குது? அணைஞ்சிரக் கூடாதுன்னு வாசல்ல நின்னு மிதிச்சுக்கிட்டே இருக்கறேன். தெருவே அதிருது. கொழந்தை பயப்படாதுங்களா?"

தெய்வானை அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பானட்டைத் திறந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி உறுமியது. தகரக் கூரை சேர்ந்து உறுமியது.

"ஸ்லோ ஸ்க்ரூவை எவ்வளவு ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"கொஞ்சமாத்தானுங்க."

ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினாள். திருப்பினாள். இன்னும் திருப்பினாள். கை வலித்து, கை மாற்றித் திருப்பினாள். வண்டி விக்கி அணைந்தது.

"உங்க ஊர்ல கொஞ்சம்னா இவ்வளவாக்கும்."

"ஏத்தி வெச்சா நிக்குதுங்களே அம்மணி."

"எங்க நிக்குது? நின்ன எடத்துல ஓடுது."

மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். அணையாத அளவுக்கு மட்டும் காலை வைத்துக்கொள்ளச் சொன்னாள். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, முன் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினாள். இன்ஜின் திணறியது. கையை எடுத்தாள்.

பின் கார்புரேட்டரின் வாயை மூடினாள்.

இன்ஜின் திணறவில்லை. உதறல் அடங்கி நிதானமாகியது.

"மூச்சை அடைச்சா திணறணும். இது தேறுது" என்றாள். "வேண்டாத காத்து வேற எங்கியோ நுழையுது."

எண்ணெய்க் கேனை எடுத்து, அந்தக் கார்புரேட்டர் உட்காரும் இணைப்பில் நாலு சொட்டு விட்டாள். சொட்டு உள்ளே இழுபட்டது. வண்டி ஒரு நிமிஷம் சாதுவாக நின்றது. எண்ணெய் காலியானதும் பழையபடி உதறியது.

"இங்கதான்."

"அங்க இருக்கவே முடியாதுங்க! அதை நானே என் கையால இறுக்குனேன்."

"எப்ப?"

"லேசா காத்து இழுக்கற மாதிரி இருந்துச்சு, அப்ப ஒருக்கா. அப்பவும் நிக்கலைன்னு இன்னொருக்கா. போன வாரம் நடுவுல ரெண்டு பேக்கிங் அட்டை வெச்சு, பலத்துக்கு ஸ்பேனர்ல பைப்பு மாட்டி இறுக்கிட்டேன்."

"பைப்பு மாட்டியா?"

"விட்றக் கூடாதுன்னுதானுங்க."

கார்புரேட்டரைக் கழற்றினாள். அதன் அடிப்பாகத்தைத் துடைத்து, ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த பஸ் டிக்கெட்டை உருவினாள். போல்ட்டு இருக்கிற ஓரத்தில் செருகினாள். நுழையவில்லை. அடுத்த ஓரத்திலும் நுழையவில்லை.

நடுவில் செருகினாள். டிக்கெட் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது.

"ரெண்டு ஓரமும் போல்ட்டோட போயிருச்சு. நடு எந்திரிச்சிருச்சு."

அவன் குனிந்து பார்த்தான். டிக்கெட்டை அவனே ஒருமுறை செருகிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தா உக்காந்திருக்குமுங்களா?"

"ஒடஞ்சிருக்கும்."

கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, கார்புரேட்டரை அவன் கையில் கொடுத்தாள். தேய்த்துச் சமமாக்க வேண்டும். மத்தியானச் சோறு ஆறிப்போகிற வரைக்கும் தேய்த்தான். கை வேலை செய்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"நான் அவளுக்கு என்னங்க கொற வெச்சேன்? வேலைக்குப் போகாதேன்னேன். எதுக்கு வெயில்ல அலையறதுன்னுதான் சொன்னேன். அவ போனை வாங்கிப் பாப்பேன். எவனாச்சும் ஏமாத்திருவான்னுதான் பாப்பேன். நான் வெளிய போறப்ப கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருவேன். காலம் கெட்டுக் கெடக்குது, பாதுகாப்பு வேண்டாமுங்களா? பாப்பா டியூசன் போனாக்கூட வண்டியை எடுத்துட்டுப் பின்னாடியே போவேன். எந்தப் புருசன் இவ்வளவு பாத்துக்குவான்? அப்பவும் போயிட்டா."

"அழுத்தாமத் தேய்ங்க" என்றாள் தெய்வானை.

"அழுத்துனாத்தானுங்களே தேயும்?"

"அழுத்துனா கோணையாத் தேயும்."

அவன் கையைத் தளர்த்தினான். 

டிக்கெட் நடுவிலும் நுழையாமல் நின்றதும், புதுப் பேக்கிங் ஒன்றை வெட்டிக் கொடுத்தாள். ஒன்றே ஒன்று. அவன் மாட்டிவிட்டு, பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தாள்.

அந்த ஷெட்டில் கார்புரேட்டருக்கென்று தனி ஸ்பேனர். கைப்பிடியைப் பாதியில் அறுத்து வைத்திருப்பாள். முழுக்கையால் பிடிக்க நினைத்தாலும் இடமிருக்காது.

"ரெண்டு விரலு. அதுக்கு மேல கூடாது."

"கழண்டுட்டா?"

"கழண்டா கழண்டுருச்சுன்னு தெரியும். வளைஞ்சா தெரியாது."

ரெண்டு விரலால் இறுக்கினான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவள் முகத்தைப் பார்த்தான். இன்னும் கால் சுற்று வைக்கலாமா என்று அவன் விரல் துடித்தது. அவள் கண்ணைக் காட்டினாள். விட்டுவிட்டான்.

ஸ்டார்ட் பண்ணினான்.

வண்டி நின்றது. காலை எடுத்த பிறகும் அணையாமல் நின்றது. தையல் மெஷின் மாதிரி ஒரு மெல்லிய சத்தம், நடுநடுவே ஒரு சின்ன ஆட்டம். அந்த ஆட்டத்தையும் ஒழித்துவிட அவன் ஸ்க்ரூவுக்குக் கையைக் கொண்டுபோனான். தெய்வானை மணிக்கட்டில் ஒன்று போட்டாள்.

"ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட வண்டி. அந்த ஆட்டம் அதோட பொறப்பு. இருந்துட்டுப் போகட்டும்."

கூரைமேல் காக்கை நடப்பது கேட்டது. பக்கத்துப் பட்டறை ரேடியோவில் யாரோ தக்காளி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செங்கோட்டுவேலுக்கு முகமெல்லாம் பல். "இனி பாப்பா பயப்பட மாட்டா."

"வண்டி அமைதியா நின்னா, சுத்தி நடக்கறதெல்லாம் காதுல விழுமுங்ணா."

"நல்லதுதானுங்களே?"

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுகந்தி வீட்டு வாசலில் வண்டி நின்றது. தெரு நாய் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அவன் ஹாரன் அடிக்கவில்லை. வண்டி நிற்கிற அழகைப் பாப்பாவே வந்து பார்க்கட்டும் என்று இருந்தான்.

வீட்டுக்குள்ளிருந்து நேத்ராவின் குரல் கேட்டது.

"அம்மா! மணியாயிருச்சு, வண்டிச் சத்தமே காணோம்! இன்னைக்கு அப்பா வரலைம்மா!"

அப்புறம் சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு மகளுக்கு இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. கேட் திறந்தது. நேத்ரா ஷட்டில் மட்டையோடு தெருவுக்குத் துள்ளினாள்.

காரைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. மட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். திரும்பி, கேட்டுக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஓடிப்போய் ஒளிந்து உட்கார நேரமில்லை.

செங்கோட்டுவேலும் அந்தத் தொட்டியைப் பார்த்தான். அதன் பின்னால் ஒரு சின்ன முக்காலி கிடந்தது.

வண்டியை அணைத்தான். இறங்கினான். எப்போதும்போல அவள் மணிக்கட்டைப் பிடிக்கக் கை போனது. பாதியில் நின்றது. ரெண்டு விரலால் அவள் சுண்டு விரலைத் தொட்டான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"வண்டியில இப்பச் சத்தமே இல்ல, பாத்தியா பாப்பா?"

"ம்."

"உனக்காகத்தான் சரி பண்ணிட்டு வந்தேன்."

நேத்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, டீச்சரிடம் லீவு கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, அடுத்த வாரம் பழையபடி சத்தமாவே வாங்கப்பா. தெரு முனையிலயே எனக்குக் கேக்கற மாதிரி."